கிரேக்க ஆடையும் காஞ்சித் தறியும்: கைவேலை வழியே ஒரு வரலாற்றுப் பாடம்

(இளம் அறிவியல், கணிதம் – இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்பதைத் தொடக்கப் பள்ளியிலேயே நாம் படித்துவிடுகிறோம். ஆயினும் வரலாற்று நூலைப் புரட்டினால் அரசர்களும் போர்களும் ஆண்டுகளுமே பக்கங்களை நிறைத்து நிற்கின்றன. அந்த அரசன் எதை உடுத்தினான், அந்தத் துணியை நெய்தவர் யார், எந்தத் தறியில் நெய்தார் என்னும் வினாக்களுக்கு அங்கே இடமிருப்பதில்லை. நெசவாளர் வீட்டில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு இஃது ஒரு குறையாகவே தோன்றி வந்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் ‘செவ்வியல் உலகம்’ என்றொரு பாடம் உண்டு. கிரேக்கமும் ரோமும் அதில் பேசப்படுகின்றன. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதை உரக்கப் படிப்பதைக் கேட்டிருக்கிறேன். பெரிக்ளிஸ், சாக்ரடீஸ் என்று பெயர்கள் வாயில் வருமே தவிர, அப்பெயர்களுக்கு உரியவர்கள் மனத்தில் தோன்றுவதில்லை. ஓர் உருவம் மனத்தில் தோன்ற வேண்டுமானால் முதலில் அதற்கு ஆடை உடுத்த வேண்டும் அன்றோ! இவ்வெண்ணத்தின் பயனாக, ஏழு முதல் ஒன்பது வகுப்பு வரை படிக்கும் பதினான்கு பிள்ளைகளைத் தெருக்கோயில் மண்டபத்தில் கூட்டி, ஐந்து சனிக்கிழமை மாலைகளில் கிரேக்க ஆடையைப் பற்றிக் கைவேலை வழியே ஒரு பாடம் நடத்தினேன். அதை நடத்திய முறையையும், அதிலிருந்து தெரியவந்தவற்றையும் நண்பர்கள் முன்னும் பேராசிரியர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெட்டாத துணி

பழங்காலக் கிரேக்கரின் ஆடை பெரும்பாலும் வெட்டியும் தைத்தும் செய்யப்பட்டதன்று. தறியிலிருந்து இறங்கிய செவ்வகத் துணியை அப்படியே மடித்து, சுற்றி, ஊசியால் குத்தி, இடைக்கயிற்றால் கட்டி உடுத்தினர். நம் வேட்டியும் புடவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை. கத்தரிக்கோல் படாத துணிக்கு உருவம் கொடுப்பது உடுத்துவோரின் கையே.

அவர்களுடைய ஆடைகளுள் நான்கினைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன்.

முதலாவது பெப்லோஸ். இது பெண்கள் உடுத்திய கம்பளித் துணி. செவ்வகத்தின் மேற்பகுதியை வெளிப்புறமாக ஒரு மடிப்பு மடித்து, உடலைச் சுற்றி, இரு தோள்களிலும் பெரிய ஊசிகளால் குத்திக்கொள்வர்.

இரண்டாவது கிட்டோன். இது பெரும்பாலும் மெல்லிய நார்த்துணியால் ஆனது. ஆண், பெண் இருபாலரும் உடுத்தினர். மிக அகலமான துணியாதலால் தோளிலிருந்து கை நெடுகப் பல இடங்களில் சிறு பொத்தான்கள் போன்றவற்றால் இணைப்பர். தைக்காமலே கைப்பகுதி உண்டாகிவிடும்.

மூன்றாவது ஹிமாட்டியோன் என்னும் போர்வை. இடத்தோளில் ஒரு நுனியை விட்டு, முதுகைச் சுற்றி, வலக்கைக்குக் கீழாக முன்னே கொணர்ந்து, மறு நுனியை மீண்டும் இடத்தோள் மேல் எறிந்துகொள்வர்.

நான்காவது கிளாமிஸ். இளைஞரும் குதிரை வீரரும் அணிந்த இக்குறும்போர்வை வலத்தோளில் ஊசியால் இணைக்கப்படும். வலக்கை தடையின்றி இயங்கும்.

தோளூசியைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதிய ஒரு கதையைச் சொன்னபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. ஏதென்ஸ் படை ஏஜினா தீவின் மேல் சென்று அழிந்தது. ஒருவன் மட்டுமே உயிரோடு திரும்பினான். கணவரை இழந்த பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, “என் கணவன் எங்கே?” என்று ஒவ்வொருவரும் கேட்டுத் தோளூசியால் குத்த, அவன் இறந்தான். அதன் பின்னரே ஏதென்ஸ் நகரத்தார் தம் பெண்களை ஊசி வேண்டாத நார்த்துணி ஆடைக்கு மாற்றினர் என்பது அவர் கூற்று. கதை உண்மையோ அன்றோ, ஆடை மாறியதற்கு ஒரு காரணம் தேடிய மக்களை அதில் காண்கிறோம்.

முதல் வாரம்: அளவு

தேவையான பொருள்கள் மிகச் சில: பழைய செய்தித்தாள், நூல், அளவு நாடா, சுண்ணக்கட்டி, குண்டூசி. பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் மற்றவரை அளக்கச் செய்தேன். உயரம், இரு கைகளையும் நீட்டினால் விரல்நுனி முதல் விரல்நுனி வரை, முழங்கை முதல் முழங்கை வரை, தோள் முதல் தரை வரை என நான்கு அளவுகள். கை விரித்த அளவும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதை அவர்களே கண்டுபிடித்தனர். நான் சொல்லியிருந்தால் மறந்திருப்பார்கள்.

140 செ.மீ. உயரமுள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு முழங்கை முதல் முழங்கை வரை 75 செ.மீ.; தோள் முதல் தரை வரை 115 செ.மீ. பெப்லோஸின் அகலம் முதல் அளவைப்போல் இருமடங்கு, அதாவது 150 செ.மீ. உயரம் 115 செ.மீ.யோடு மேல்மடிப்புக்காக 30 செ.மீ. சேர்த்து 145 செ.மீ. இதை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 30 செ.மீ.க்கு 29 செ.மீ. ஆகிறது. செய்தித்தாளின் ஒரு பக்கத்துக்குள்ளேயே ஒரு கிரேக்கப் பெண்ணின் ஆடை அடங்கிவிடும்! குச்சியில் பழந்துணி சுற்றிச் செய்த பொம்மைகளுக்கு இவ்வாறு பதினான்கு பெப்லோஸ்கள் தயாராயின.

கிட்டோனின் கணக்கு இன்னும் சுவையானது. அதன் சுற்றளவு கை விரித்த அளவைப்போல் இருமடங்கு, 280 செ.மீ. இடுப்புச் சுற்று 70 செ.மீ. எனக் கொண்டால் துணி நான்கு மடங்காகிறது. கிரேக்கச் சிலைகளில் காணும் அத்தனை மடிப்புகளும் இந்த நான்கு மடங்கிலிருந்தே பிறக்கின்றன. அப்போது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “அண்ணா, நம்ம புடவை அஞ்சரை மீட்டர். ரெண்டா மடிச்சா 275. அகலமும் சரியா இருக்குமே?” என்றான். புடவையின் அகலம் சுமார் 120 செ.மீ.; வேண்டியதோ 115. ஒரு காஞ்சிபுரம் புடவையின் நீளத்தில் இரண்டு கிரேக்கச் சிறுமியருக்குக் கிட்டோன் கிடைக்கும் என்பதை அவன் மனக்கணக்கிலேயே கண்டுவிட்டான். பள்ளியில் கணக்கில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய பிள்ளை அவன்.

இரண்டாம் வாரம்: கல் காட்டும் ஆடை

இரண்டாம் சனிக்கிழமை கைலாசநாதர் கோயிலுக்குச் சென்றோம். இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த மணற்கல் கோயில் அது. கிரேக்க ஆடையை அறிய இங்கு ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். கல்லில் துணியைப் பார்க்கும் கண் முதலில் பழக வேண்டும். ஏதென்ஸுக்குப் போக நமக்கு வழியில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தே போகலாம்.

சிலையைத் தொடக் கூடாது, தாளை வைத்துத் தேய்க்கவும் கூடாது, பார்த்து வரைய வேண்டும் என்பது விதி. இடைக்கச்சையின் முடிச்சு எங்கே விழுகிறது, அதன் நுனி எப்படித் தொங்குகிறது, உடலோடு ஒட்டிய மெல்லிய துணியைச் சிற்பி எந்தக் கோட்டால் காட்டுகிறான் என்று ஒவ்வொருவரும் ஒரு சிற்பத்தைத் தேர்ந்து வரைந்தனர். சில சிற்பங்களின் மேல் பிற்காலத்தார் சுதை பூசியிருப்பதால், எது பல்லவர் காலத்து வேலை, எது பின்னர் வந்தது எனப் பிரித்தறியவும் பழகினோம். சான்றை ஐயுற்று நோக்குவதும் வரலாற்றுப் பாடமே.

திருச்சுற்றில் உள்ள சிறு சன்னிதிகளில் பழைய வண்ணப் பூச்சு இன்றும் எஞ்சியுள்ளது. இவ்வோவியங்களை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டறிந்து வெளியுலகுக்கு அறிவித்தார். கிரேக்கச் சிலைகளும் இவ்வாறே. வெள்ளைப் பளிங்காக இன்று நாம் காணும் அவை, செய்யப்பட்ட காலத்தில் வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 530ஐ ஒட்டிய கன்னிச் சிலை ஒன்றில் வண்ணத்தின் தடயங்கள் இருக்கின்றன. 2003இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இத்தகைய சிலைகளின் வண்ணப் படிகளைக் கொண்டு ஒரு கண்காட்சியே நடைபெற்றது. இதைச் சொன்ன பிறகு பிள்ளைகள் தம் தாள் ஆடைகளை வெள்ளையாக விட மறுத்துவிட்டனர். மஞ்சள் தூளும் செம்பருத்திப் பூவும் அவுரி நீலமும் வீட்டிலிருந்து வந்தன.

யவனரும் நம் துணியும்

மூன்றாம் வாரம் பேச்சுக்கென ஒதுக்கினேன். கைகள் தாள் ஆடைகளுக்குக் கரை தீட்டிக்கொண்டிருக்க, காதுகள் கேட்டுக்கொண்டிருந்தன.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ், இந்தியாவில் மரங்கள் கம்பளி காய்க்கின்றன, அஃது ஆட்டு மயிரினும் சிறந்தது என்று எழுதினார். அவர் குறிப்பிட்டது பருத்தியை! கி.மு. 480இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக வேந்தன் செர்க்சிஸின் சேனையில் பருத்தி ஆடை உடுத்திய இந்திய வீரர்கள் இருந்ததையும் அவரே கூறுகிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற்பயண நூல்’ அர்கரு என்னும் ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணிகளைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

நம் புலவர்களும் யவனரின் உடையைக் கவனித்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் புரியும் யவனரின் சட்டையை ‘மெய்ப்பை’ என்று குறிக்கிறது. மெய்க்கு ஒரு பை! போர்த்தியும் சுற்றியும் உடுத்திப் பழகிய கண்ணுக்குத் தைத்த சட்டை பையாகத்தானே தெரியும்? அங்கிருந்து ஒருவர் நம் துணியைக் கண்டு வியந்தார்; இங்கிருந்து ஒருவர் அவர் சட்டைக்குப் பெயர் சூட்டினார்.

பட்டைப் பற்றியும் ஒரு செய்தி. கோஸ் என்னும் தீவில் பாம்பிலே என்ற பெண்மணி புழுக்கூட்டு நூலைப் பிரித்து முதலில் நெய்ததாக அரிஸ்டாட்டில் எழுதியுள்ளார். பட்டு நகரத்துப் பிள்ளைகளுக்கு இப்பெயர் ஒரே முறையில் மனப்பாடமாகிவிட்டது.

தெய்வத்துக்கு ஆடை சாத்தும் வழக்கத்திலும் ஒற்றுமை உண்டு. ஏதென்ஸில் அதீனா தேவிக்கு எடுத்த பெருவிழாவில் புதிதாக நெய்த பெப்லோஸ் ஒன்றைச் சமர்ப்பித்தனர். நெசவைத் தொடங்கிவைப்பதில் சிறுமியருக்கும் பங்கு இருந்தது. பார்த்தினான் கோயிலின் கிழக்குப் புறச் சிற்ப வரிசையில் மடித்த துணி ஒன்றைக் கையாளும் காட்சி இவ்வாடையையே குறிக்கும் என அறிஞர் பலர் கருதுவர். நம் ஊரில் 2019ஆம் ஆண்டு அத்திவரதர் 48 நாள் காட்சியளித்தபோது, நாள்தோறும் வெவ்வேறு நிறப் பட்டு சாத்தியதை இப்பிள்ளைகள் பெற்றோரின் தோளிலிருந்து பார்த்தவர்கள். அவர்களுக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

நான்காம் வாரம்: இரண்டு தறிகள்

கிரேக்கத் தறி நிமிர்ந்து நிற்பது. மேலே ஒரு குறுக்குக் கட்டையிலிருந்து பாவு நூல்கள் தொங்கும். கீழே மண் குண்டுகளைக் கட்டி அவற்றை விறைப்பாக்குவர். நெசவு மேலிருந்து கீழ்நோக்கி வளரும்; ஊடையை மேல்நோக்கி அடித்து இறுக்குவர். அமாசிஸ் ஓவியர் என அழைக்கப்படும் கலைஞர் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தீட்டிய, 17 செ.மீ. உயரமே உள்ள எண்ணெய்க் குடுவை ஒன்றில் இத்தறியில் பெண்கள் நெய்யும் காட்சி உள்ளது. அது நியூயார்க் பெருநகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

சன்னல் கம்பிகளுக்கு இடையே ஒரு கழியைக் கட்டி 48 நூல்களைத் தொங்கவிட்டோம். ஒற்றைப்படை நூல்கள் 24 ஒரு குறுக்குக் குச்சிக்கு முன்னும், இரட்டைப்படை நூல்கள் 24 அதற்குப் பின்னும் நின்றன. எட்டு நூலுக்கு ஒரு குண்டு வீதம் முன்னே மூன்று, பின்னே மூன்று. குண்டுகள் ஏரிக் களிமண்ணால் பிள்ளைகளே துளையிட்டுக் காயவைத்தவை. பின்வரிசை நூல்களைக் கண்ணிகளால் மற்றொரு குச்சியில் கோத்து முன்னே இழுத்தால் ஊடை செல்ல வழி திறக்கும். “இது விழுது!” என்று உடனே கூவினர். நம் குழித்தறியில் காலால் மிதித்துச் செய்வதை அங்கே கையால் செய்தனர். ஒரு குண்டு மட்டும் பெரிதாக அமைந்துவிட்டதால் துணி ஒரு புறம் கோணியது. குண்டுகளைத் தராசில் நிறுத்துச் சமமாக்கியபோது அது நேரானது. இழுவிசை பற்றி இதைவிட நல்ல பாடம் எந்த ஆய்வகத்தில் கிடைக்கும்?

இந்த வாரத்தில்தான் ஓர் எதிர்ப்பும் வந்தது. ஒரு மாணவியின் தாயார் வாயிலில் நின்று, “தறி வேணாம்னுதான் தம்பி படிக்க அனுப்பறோம். நீ மறுபடியும் தறியைக் காட்டறியே!” என்றார். என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அவர் அச்சம் வெற்று அச்சமன்று. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோப்பதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்கு உதவியாக ஓரத்து நாடாவை எறிய மற்றொருவர் அமர வேண்டும். ஒரு காலத்தில் அந்த மற்றொருவர் பெரும்பாலும் ஒரு குழந்தை.

என் தந்தையார் எட்டு வயதில் அவ்வாறு அமர்ந்தவர். மூன்றாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. வீட்டில் வாங்கிய முன்பணத்துக்காக அவர் கைகள் ஈடாயின. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்னும் சட்டம் 2009இல் வந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்தோரை எத்தொழிலிலும் அமர்த்துவதை, பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகளோடு, 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. இவற்றின் பயனை அடைந்த தலைமுறை எங்களுடையது.

அன்று தந்தையாரும் மண்டபத்துக்கு வந்திருந்தார். அந்தத் தாயார் சொன்னதைக் கேட்டுக்கொண்டே தொங்கும் நூல்களை விரலால் தடவிப் பார்த்தார். தளர்ந்திருந்த முடிச்சு ஒன்றை அவிழ்த்துப் போட்டார். பிறகு, “அந்த ஊர்ல யாரும்மா நெய்வாங்க?” என்று மாணவியிடமே கேட்டார். வீட்டுப் பெண்களும் அடிமைகளும் என்று அவள் சொன்னாள். “அப்ப அங்கேயும் நெய்தவங்க பேரு இருக்காதே” என்றார். அதன்பின் கரையில் ஒரு மயிலுக்கு எத்தனை இழை, எத்தனை அடி என்று பிள்ளைகளுக்கு விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஒருவர் சொன்ன அந்தக் கணக்கைத் தாளில் எழுதிச் சரிபார்க்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டிய விடையை நான் அப்போது உணர்ந்தேன். குழந்தையைத் தறியில் உட்கார வைப்பது வேறு. தறியைக் குழந்தையின் முன் பாடமாக வைப்பது வேறு. முன்னதில் தறி குழந்தையின் பொழுதைத் தின்கிறது. பின்னதில் குழந்தை தறியை ஆராய்கிறது; வேண்டாமென்றால் எழுந்து போகிறது. இதை அவரிடம் என்னால் இயன்ற எளிய சொற்களில் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை. மகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளவும் இல்லை.

ஐந்தாம் வாரம்: உடுத்திப் பார்த்தல்

இறுதி நாளில் பிள்ளைகளே கிரேக்கராயினர். எட்டு முழ வேட்டியை ஒற்றையாகப் பிரித்தால் நல்ல ஹிமாட்டியோன். துண்டு கிளாமிஸாயிற்று. கிட்டோனுக்குப் புடவை வேண்டும். முன்னர் எதிர்த்த தாயாரே தம் பழைய பட்டுப் புடவையைக் கொடுத்தனுப்பினார், “ஊசி மட்டும் குத்தாதீங்க” என்ற நிபந்தனையோடு. ஆகவே துணியை மடித்து, தோளிலும் கையிலும் சிறு கூழாங்கல்லை உள்ளே வைத்து நூலால் முடிச்சிட்டோம். பட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. உடுத்திய பின் ஒவ்வொருவரும் தாம் யார், என்ன உடுத்தியிருக்கிறோம், இத்துணி எந்த நூலால் எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று மூன்று வாக்கியம் பேசினர். அவ்வளவே தேர்வு.

முடிவுரை

இப்பாடத்தால் மதிப்பெண் உயர்ந்ததா என்று கேட்பவர் உண்டு. அதை நான் அளக்கவில்லை. சிலையைக் கண்டால் முடிச்சு எங்கே என்று தேடும் கண்ணும், துணியைக் கண்டால் பாவையும் ஊடையையும் எண்ணும் பழக்கமும், “எங்க வீட்டுல தறி இருக்கு” என்று வகுப்பில் தலைநிமிர்ந்து சொல்லும் துணிவும் வந்திருப்பதைக் கண்ணாரக் கண்டேன்.

செலவு மிகக் குறைவு. செய்தித்தாளும் களிமண்ணும் எல்லா ஊரிலும் உண்டு. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இத்தகைய பாடங்களை ஒரு மாலையாவது நடத்தலாம். வேதியியல் படிப்போர் சாயத்தையும், இயற்பியல் படிப்போர் இழுவிசையையும், தாவரவியல் படிப்போர் பருத்தியையும், வரலாறு படிப்போர் யவனரையும் எடுத்துக்கொள்ளட்டும். நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பெற்றோர் கையில் உள்ள அறிவுக்கும் நாம் நூலில் கற்கும் அறிவுக்கும் இடையே நிற்பவர்கள் நாமே. கோர்வை நெய்பவர் இரு நிறத்துத் துணிகளைப் பிரியாமல் கோப்பதுபோல, இவ்விரண்டையும் கோத்துத் தரும் வேலை நம்முடையதாகட்டும்.